மூன்று பிறவிப் பகை தீர்த்த திருவானைக்கா!

ஒரே சுவாமி; இரண்டு பக்தர்கள். இருவருடைய அன்பிலும் குறைவில்லை. இருவருடைய தொண்டிலும் குற்றமில்லை. ஆனால், ஒருவர் செய்வது மற்றவர் கண்ணுக்கு அபசாரமாகத் தெரிகிறது. இவர் கட்டியதை அவர் கலைக்கிறார். அவர் கலைத்ததை இவர் மீண்டும் கட்டுகிறார். நாளடைவில் சுவாமி மறந்து போகிறார். சண்டை மட்டும் மிஞ்சுகிறது!

நம் வீட்டுப் பூஜை அறையிலேயே இதைப் பார்க்கலாம். மாமியார் வைத்த பூவை எடுத்துவிட்டு, மருமகள் வேறு பூ வைப்பாள். 'விளக்கை இந்தப் பக்கம் ஏற்றக் கூடாது' என்பார் ஒருவர். 'எங்கள் வீட்டு வழக்கம் அப்படித்தான்' என்பார் இன்னொருவர். கோயில் திருவிழா என்றால் கேட்கவே வேண்டாம். முதல் மரியாதை யாருக்கு, எந்தத் தெரு வழியே உற்சவர் வர வேண்டும் என்று ஆரம்பித்து, மனஸ்தாபம் தலைமுறை தாண்டியும் தொடரும்.

பக்தர்களுக்குள் வரும் இந்தப் பகையையே தலபுராணமாகக் கொண்ட ஒரு திருத்தலம் உண்டு. அங்கே சண்டையிட்டவர்கள் மனிதர்கள் அல்ல. ஒன்று யானை, மற்றொன்று சிலந்தி. திருச்சியில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது அந்தத் தலம். ஆம்... பஞ்சபூதத் தலங்களில் நீருக்கு உரியதான திருவானைக்காவல்!

வெண்ணாவல் நிழலில்...

'கா' என்றால் சோலை. யானை வழிபட்ட சோலை ஆதலால், ஆனைக்கா. பேச்சு வழக்கில் இது 'திருவானைக்காவல்', 'திருவானைக்கோவில்' என்றெல்லாம் ஆகிவிட்டது. அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். காவிரி வடகரைத் தலங்களில் 60-வது. வடமொழியில் 'ஜம்புகேசுவரம்' என்பார்கள். ஜம்பு என்றால் நாவல் மரம். இறைவன் ஜம்புகேஸ்வரர், அம்பிகை அகிலாண்டேஸ்வரி. தலவிருட்சம் வெண்ணாவல்.

இந்த நாவல் மரம் இங்கு வந்ததற்கு ஒரு கதை சொல்வார்கள். முனிவர் ஒருவர் அரிய வெண்ணாவல் கனி ஒன்றைக் கொண்டு போய் ஈசனுக்குச் சமர்ப்பித்தார். ஈசன் கனியை உண்டு, விதையை உமிழ்ந்தார். அது சிவப் பிரசாதம் ஆயிற்றே! கீழே போடலாமா? முனிவர் அதை அப்படியே விழுங்கிவிட்டார். வயிற்றுக்குள் போன விதை முளைத்தது. சிரசைப் பிளந்துகொண்டு மரமாகக் கிளம்பியது. முனிவர் கலங்கவில்லை. 'காவிரிக்கரைச் சோலைக்குப் போய்த் தவம் செய். உன் நிழலில் யாம் எழுந்தருள்வோம்' என்று ஈசன் அருள, அப்படியே இங்கு வந்து மரமாகவே நின்றார். அவர்தான் ஜம்பு முனிவர். இன்றைக்கும் கருவறையை ஒட்டி நிற்கும் வெண்ணாவல் மரத்தை வலம் வந்து வணங்குகிறார்கள் பக்தர்கள்.

அந்த மரத்தடியில், வெட்டவெளியில், கூரையில்லாமல் எழுந்தருளியிருந்தார் சிவபெருமான். யானை-சிலந்தி கதை தொடங்குவது இந்த இடத்தில்தான்.

துதிக்கையும் நூலும்

காட்டில் ஒரு வெள்ளை யானை. தினமும் அருகில் உள்ள தீர்த்தத்தில் மூழ்கி, துதிக்கையில் நீர் முகந்து வந்து லிங்கத் திருமேனிக்கு அபிஷேகம் செய்யும். மலர்களைப் பறித்து வந்து அர்ச்சிக்கும். மந்திரம் தெரியாது, ஆகமம் தெரியாது. தெரிந்ததெல்லாம் நீரும் பூவும்தான்.

அதே மரத்தில் ஒரு சிலந்தி. அதற்கும் சுவாமி மீது கொள்ளைப் பிரியம். ஆனால், அதனால் நீர் சுமக்க முடியுமா, மலர் பறிக்க முடியுமா? அது கவலையோடு பார்த்தது. மரத்தின் சருகுகள் சுவாமியின் திருமேனியில் உதிர்ந்துகொண்டே இருந்தன. இலை இடுக்கு வழியே வெயிலும் விழுந்தது. 'நம்மிடம் இருப்பது நூல் ஒன்றுதானே! அதைக் கொண்டே ஒரு விதானம் அமைப்போம்' என்று, லிங்கத்துக்கு மேலே அழகாகப் பந்தல் பின்னியது.

மறுநாள் நீரோடு வந்தது யானை. அண்ணாந்து பார்த்தது. 'அடடா... சுவாமிக்கு மேலே ஒட்டடையா? என்ன அபசாரம்!' என்று பதறி, துதிக்கையால் இழுத்து எறிந்தது. பிறகு நிம்மதியாக அபிஷேகம் செய்துவிட்டுப் போனது.

சிலந்தி வந்தது. பாடுபட்டுப் பின்னிய பந்தலைக் காணோம்! மறுபடியும் உட்கார்ந்து பின்னியது. அடுத்த நாள் யானை வந்து மீண்டும் கலைத்தது. சிலந்திக்குக் கோபம் தலைக்கேறியது. 'என் சுவாமிக்கு நான் செய்யும் பணியை அழிக்க இது யார்?' என்று பாய்ந்து, துதிக்கையின் துவாரத்துக்குள் புகுந்து கடித்துவிட்டது. வலி தாங்காத யானை, துதிக்கையைத் தரையில் ஓங்கி ஓங்கி அடித்தது. யானையும் விழுந்து மாண்டது. உள்ளே இருந்த சிலந்தியும் நசுங்கி மாண்டது.

கோச்செங்கட் சோழ நாயனார் வரலாற்றில் சேக்கிழார் பெருமான் இதை விவரிக்கிறார். தேவாரத்திலும் இதற்குக் குறிப்புகள் உண்டு. தலபுராணமோ இன்னும் ஒரு படி பின்னால் போய்ச் சொல்கிறது. கயிலையில் சிவகணங்களாக இருந்தவர்கள் மாலியவான், புட்பதந்தன். 'சிவத்தொண்டில் உயர்ந்தவன் நானா, நீயா?' என்று இருவருக்கும் போட்டி. அது சண்டையாகி, ஒருவரை ஒருவர் சபித்துக்கொண்டார்கள். அதன் விளைவாக மாலியவான் சிலந்தியாகவும், புட்பதந்தன் யானையாகவும் இந்தச் சோலையில் வந்து பிறந்தனர். பிறவி மாறியது, உருவம் மாறியது, ஆனால் போட்டி மட்டும் மாறவில்லை!

இங்கே வாசகர்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். 'யானை, சிலந்தி கதை காளஹஸ்திக்கும் உண்டே?' என்று. உண்டு. அங்கே சிலந்தி, பாம்பு, யானை என மூவர். 'ஸ்ரீ', 'காளம்', 'ஹஸ்தி' என்று அம்மூன்றின் பெயராலேயே தலம் அமைந்தது என்பார்கள். அங்கு மோதிக்கொள்வது பாம்பும் யானையும். திருவானைக்காவிலோ, சிலந்திக்கும் யானைக்கும்தான் வழக்கு. அந்த வழக்கு இன்னொரு பிறவிக்கும் போகிறது என்பதுதான் இந்தத் தலத்தின் தனிச் சிறப்பு.

யார் செய்தது சரி?

கதையைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள்.

யானையின் மீது தவறு சொல்ல முடியுமா? சுவாமி இருக்கும் இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அது நினைத்தது. நாமும் ஒட்டடை கண்டால் அடிக்கத்தானே செய்வோம்? சிலந்தியின் மீது தவறு சொல்ல முடியுமா? தன் உடம்பிலிருந்து எடுத்த நூலைத்தான் அது சுவாமிக்குக் கொடுத்தது. யானை கொண்டு வந்த நீர் காவிரிச் சோலையின் நீர். மலர் காட்டின் மலர். சிலந்தி கொடுத்ததோ தன்னையே!

அப்படியானால் குற்றம் எங்கே? 'என் தொண்டு மட்டுமே தொண்டு' என்ற எண்ணத்தில்தான். யானைக்கு, 'இந்த நூலைப் பின்னியது யார், எதற்காக?' என்று கேட்கத் தோன்றவில்லை. சிலந்திக்கு, 'இந்த யானையும் நம் சுவாமிக்காகத்தானே தினமும் நீர் சுமக்கிறது?' என்று பார்க்கத் தோன்றவில்லை. அதன் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் பந்தலைக் கலைத்த துதிக்கைதான்.

இரண்டுக்கும் அருள் புரிந்தார் ஈசன். ஆனால், ஒரே மாதிரி அல்ல. யானைக்குச் சிவகதி கிடைத்தது. சிலந்திக்கோ, சோழர் குலத்தில் அரசனாகப் பிறக்கும்படி அருள் கிடைத்தது. ஏன் இந்த வேறுபாடு? யானை அழித்தது ஒட்டடையை. அது ஓர் அடியவரின் காணிக்கை என்று அதற்குத் தெரியாது. சிலந்தி கடித்ததோ, சுவாமிக்கு நீர் சுமந்து வந்த துதிக்கையை, தெரிந்தே கடித்தது. தெரியாமல் செய்த பிழை அந்த மரத்தடியிலேயே கரைந்தது. தெரிந்து கொண்ட கோபம் கரைய, இன்னொரு பிறவி தேவைப்பட்டது. இப்படி எடுத்துக்கொண்டால், கதை நமக்கு நெருக்கமாகிறது அல்லவா?

சிவந்த கண்களோடு பிறந்த சோழன்

சோழ மன்னன் சுபதேவனுக்கும் அரசி கமலவதிக்கும் வெகுகாலம் பிள்ளை இல்லை. இருவரும் தில்லைக்குச் சென்று, ஆடவல்லான் சந்நிதியில் தவமிருந்தார்கள். அரசி கருவுற்றாள். பிரசவ நேரமும் வந்தது.

அப்போது ஜோதிடர்கள், 'இந்தக் குழந்தை இன்னும் ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால், மூவுலகும் ஆளும் பெருமை பெறும்' என்றனர். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். நமக்கு அது சிறிய நேரம். பிரசவ வலியில் துடிக்கும் தாய்க்கு? ஆனால், கமலவதி தயங்கவில்லை. 'என் கால்களைக் கட்டி, தலைகீழாகத் தொங்க விடுங்கள். நேரம் வந்ததும் அவிழ்த்து விடுங்கள்' என்றாள். அப்படியே செய்தார்கள். குறித்த நாழிகை வந்தபிறகு குழந்தை பிறந்தது. தாமதத்தால் அதன் கண்கள் சிவந்திருந்தன. பிள்ளையைப் பார்த்த அரசி, செங்கண் உடைய அரசனோ இவன் என்று அன்பொழுக அழைத்தாள். அடுத்த கணமே அவள் உயிர் பிரிந்தது. அந்தத் தாய் கடைசியாக அழைத்ததே பிள்ளைக்குப் பெயராயிற்று... கோச்செங்கணான்!

வளர்ந்து அரியணை ஏறிய கோச்செங்கட் சோழனுக்குத் தன் முற்பிறவி நினைவு இருந்தது. ஆனைக்காவைத் தேடி வந்தான். வெண்ணாவல் மரத்தடியில் கூரையின்றி இருந்த ஈசனுக்குக் கோயில் எடுப்பித்தான். அன்று நூலால் பின்னிய பந்தலை, இன்று கல்லால் கட்டினான். இனி எந்தத் துதிக்கையும் அதைக் கலைக்க முடியாது!

ஆனால், பழைய நினைவு அவனை விட்டதா? யானை நுழைய முடியாதபடி, கருவறைக்குக் குறுகிய சின்னஞ்சிறு வாயிலை வைத்தான். இன்றும் நாம் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். அத்துடன், சோழ நாடெங்கும் உயரமான மேடையின் மீது, படியேறிப் போகும்படியான கோயில்களைக் கட்டினான். யானை ஏற முடியாத அவற்றை 'மாடக்கோயில்' என்பார்கள். அம்பர், வைகல், நன்னிலம் ஆகிய ஊர்களில் செங்கணான் கட்டிய கோயில்களைத் தேவாரம் குறிப்பிடுகிறது. அவன் எடுப்பித்த ஈசன் மாடங்கள் எழுபது என்று, திருநறையூர்ப் பாசுரத்தில் திருமங்கையாழ்வார் பாடுகிறார். அந்தத் திருநறையூர், நாம் நாச்சியார்கோவில் என்று அழைக்கும் திருமால் தலம். சிவனுக்கு எழுபது மாடம் கட்டிய மன்னன், பெருமாளையும் வந்து பணிந்தான் என்பது ஆழ்வாரின் வாக்கால் தெரிகிறது.

இங்கேதான் இறைவனின் விளையாட்டைப் பார்க்க வேண்டும். யானையின் மீது சோழனுக்கு இருந்த பகை என்ன ஆயிற்று? எழுபது கோயில்களாயிற்று! அந்தக் கோபத்தைப் பிடுங்கி எறியாமல், அதையே தொண்டுக்குத் திருப்பிவிட்டார் ஈசன். அது மட்டுமா? யானை நுழைய முடியாத கோயிலைக் கட்டினான் சோழன். ஆனால், அந்தத் தலத்தின் பெயர் என்ன? 'சிலந்திக்கா' என்று மாறவில்லை. இன்றுவரை திரு'ஆனை'க்காதான்! யானையை வாயிலில் நிறுத்தலாம். பெயரிலிருந்து நீக்க முடியுமா? இருவரையும் ஒரே தலத்தில், ஒருவரைப் பெயராகவும் மற்றவரைக் கோயிலாகவும் வைத்துக்கொண்டார் ஜம்புகேஸ்வரர். மூன்று பிறவிப் போட்டிக்குக் கிடைத்த தீர்ப்பு இதுவே.

கோச்செங்கட் சோழர் 63 நாயன்மார்களில் ஒருவர். தில்லைவாழ் அந்தணர்களுக்கு மாளிகைகள் அமைத்துக் கொடுத்ததையும் பெரியபுராணம் போற்றுகிறது. மாசி மாத சதய நட்சத்திரத்தில் இவரது குருபூஜை.

ஒன்பது துளைச் சாளரம்

ஜம்புகேஸ்வரர் மேற்கு நோக்கி அருள்கிறார். அவருக்கு நேர் எதிரே வாயில் இல்லை. ஒன்பது துளைகள் கொண்ட கல் சாளரம் இருக்கிறது. அந்தத் துளைகளின் வழியேதான் முதலில் சுவாமியைத் தரிசிக்க வேண்டும். மனித உடலுக்கு ஒன்பது வாசல்கள். அவற்றை அடக்கி, உள்ளே இருக்கும் இறைவனைக் காண வேண்டும் என்பது இதன் தத்துவம். நவகிரகங்களைக் குறிப்பது என்றும் சொல்வார்கள்.

கருவறை தாழ்வான இடத்தில் இருக்கிறது. லிங்கத் திருமேனியைச் சுற்றி நீர் ஊறிக்கொண்டிருப்பதே இத்தலத்தின் அதிசயம். காவிரியில் நீர் பெருகும் காலத்தில் ஊற்றும் பெருகும். காஞ்சியில் மண், திருவண்ணாமலையில் நெருப்பு, காளஹஸ்தியில் காற்று, தில்லையில் ஆகாயம் என்று விளங்கும் ஈசன், இங்கே நீராக இருக்கிறார். முத்துசுவாமி தீட்சிதர் பஞ்சபூதத் தலங்களுக்குப் பாடிய கீர்த்தனைகளில், 'ஜம்பூபதே' என்று யமுனா கல்யாணி ராகத்தில் அமைந்தது இந்தச் சுவாமியின் மீதுதான்.

மாணவியாக நிற்கும் மகாசக்தி

நீரே லிங்கமானது எப்படி? அதற்கு அம்பிகையின் கதைக்கு வர வேண்டும்.

ஞானோபதேசம் பெற விரும்பிய அன்னை, ஈசனின் ஆணைப்படி இந்த நாவல் வனத்துக்கு வந்தாள். பூஜை செய்ய லிங்கம் வேண்டுமே! காவிரி நீரை இரு கைகளாலும் அள்ளினாள். அவள் கையில் அந்த நீரே திரண்டு லிங்கமாயிற்று. அதை நாவல் மரத்தடியில் பிரதிஷ்டை செய்து தவம் இருந்தாள். ஈசன் குருவாக வந்து உபதேசித்தார். அதனால் இங்கே அவர் ஆசான், அவள் மாணவி. சுவாமி மேற்கு பார்க்க, அம்பாள் கிழக்கு பார்த்து நிற்கிறாள். குரு-சிஷ்யை உறவில் விளங்குவதால் இந்தத் தலத்தில் திருக்கல்யாண உற்சவம் நடப்பதில்லை. கல்வியில் சிறக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்பவர்கள் இங்கு வருவதும் இதனால்தான்.

அந்தப் பூஜையை அம்பிகை இன்றும் நிறுத்தவில்லை! தினமும் உச்சிக்காலத்தில் ஜம்புகேஸ்வரரை அவளே பூஜிப்பதாக ஐதீகம். அம்பாள் சந்நிதி சிவாசார்யர், அம்பாளின் புடவையை உடுத்தி, கிரீடமும் மாலையும் தரித்து, தீர்த்தம் ஏந்தி, மேளதாளத்துடன் சுவாமி சந்நிதிக்கு வருவார். சுவாமிக்கு அபிஷேக ஆராதனையும், கோபூஜையும் செய்துவிட்டுத் திரும்புவார். அந்த நேரத்தில் வருபவர் சிவாசார்யர் அல்ல. அகிலாண்டேஸ்வரியே என்று பக்தர்கள் கைகூப்பி நிற்பார்கள். சுவாமி அம்பிகை வேடத்திலும், அம்பிகை சுவாமி வேடத்திலும் எழுந்தருளும் பஞ்சப்பிராகார விழா, பங்குனி உற்சவத்தில் காண வேண்டிய காட்சி.

அகிலாண்டேஸ்வரி ஒரு காலத்தில் மிகுந்த உக்கிரத்தோடு இருந்தாளாம். அவளைச் சாந்தப்படுத்த வந்தார் ஆதிசங்கரர். அவளது உக்கிரத்தை ஸ்ரீசக்ரத்தில் ஆவாகனம் செய்து, தாடங்கமாக்கி அவள் காதுகளில் அணிவித்தார். தாடங்கம் என்றால் காதணி. பிறகு, அவளுக்கு நேர் எதிரே பிரசன்ன விநாயகரைப் பிரதிஷ்டை செய்தார். எவ்வளவு கோபம் இருந்தாலும், எதிரே பிள்ளை நின்றால் தாயின் முகம் மலர்ந்துவிடும் அல்லவா? இங்கேயும் பாருங்கள்... கோபம் எறியப்படவில்லை, அணிகலன் ஆகிவிட்டது! இந்தத் தாடங்கங்களைச் செப்பனிட்டு மீண்டும் சாத்துவது பெரிய வைபவம். 1923-ம் ஆண்டு, காஞ்சி மகா பெரியவர் ஸ்ரீசந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் இங்கே தாடங்கப் பிரதிஷ்டை செய்துவைத்தார்.

ஆடி வெள்ளிக்கிழமைகள் இங்கே மிக விசேஷம். காலையில் மகாலட்சுமியாகவும், உச்சியில் பார்வதியாகவும், மாலையில் சரஸ்வதியாகவும் அலங்காரம் கொள்ளும் அன்னையைத் தரிசிக்கக் கூட்டம் அலைமோதும்.

திருநீறே கூலி!

கோயிலின் வெளி மதிலைப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். சுமார் 25 அடி உயரம். ஒரு மைலுக்கும் மேல் நீளம். இதற்குத் 'திருநீற்றான் திருமதில்' என்று பெயர். விபூதிப் பிராகாரம் என்றும் சொல்வார்கள்.

மதில் எழுப்பிய காலத்தில் கூலி கொடுக்கப் பொருள் போதவில்லையாம். அப்போது, சித்தர் வடிவில் வந்த ஈசன் பணியை மேற்பார்வை செய்தார். மாலையானதும் ஒவ்வொருவருக்கும் ஒரு பிடி திருநீற்றைக் கூலியாகக் கொடுத்தார். வாங்கிச் சென்றவர்கள் கையைத் திறந்து பார்த்தபோது, திருநீறு பொன்னாகியிருந்தது! அதிலும் ஒரு நுட்பம். அன்றைக்கு யார் எவ்வளவு உழைத்தார்களோ, அதற்கு ஏற்ற அளவே பொன்! கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

யானையும் சிலந்தியும் இந்த மதிலடியில் கூலி வாங்க நின்றிருந்தால், 'அவனுக்கு எவ்வளவு?' என்று எட்டிப் பார்த்திருக்கலாம். ஆனால், சித்தர் கொடுத்தது மடித்த கைக்குள் அல்லவா இருந்தது? அவரவர் கையை அவரவர்தான் திறந்து பார்க்க வேண்டும்.

இழந்த ஆரமும் இரந்த தாம்பூலமும்

உறையூர்ச் சோழன் ஒருவன் காவிரியில் நீராடியபோது, அவன் அணிந்திருந்த முத்தாரம் நீரோடு போய்விட்டது. 'ஆனைக்கா ஈசனே, அதை நீரே ஏற்றுக்கொள்ளும்' என்று வேண்டினான். அபிஷேகத்துக்காகக் காவிரியில் முகந்த திருமஞ்சனக் குடத்துக்குள் புகுந்தது அந்த ஆரம். அபிஷேகம் செய்தபோது, நேராகச் சுவாமியின் திருமேனியில் வந்து விழுந்தது. சுந்தரர் தம் பதிகத்தில் இதைப் பாடியிருக்கிறார். தொலைந்துபோன பொருளைக்கூட காணிக்கையாக்க முடியும் என்று சொல்லிக்கொடுத்தவன் அந்தச் சோழன்!

இன்னொரு வரலாறு, கவி காளமேகம் பற்றியது. ஸ்ரீரங்கம் கோயில் மடைப்பள்ளியில் வேலை பார்த்தவர் வரதன். திருவானைக்காவில் திருப்பணி செய்த மோகனாங்கி என்ற நடனப் பெண்ணின் மீது அன்பு கொண்டு, ஓர் இரவு அவளுக்காகக் காத்திருந்தவர், கோயில் மண்டபத்திலேயே தூங்கிப்போனார். அதே மண்டபத்தில் உபாசகர் ஒருவர், அம்பிகையின் அருளை வேண்டித் தவம் இருந்தார். நள்ளிரவில் அம்பிகை, வாயில் தாம்பூலம் தரித்த பெண்ணாக அவர் முன் வந்தாள். 'வாயைத் திற' என்றாள். 'எச்சில் தாம்பூலமா?' என்று முகம் சுளித்து மறுத்துவிட்டார் உபாசகர். அவள் வரதனிடம் வந்தாள். தூக்கக் கலக்கத்தில் இருந்த வரதன், மோகனாங்கிதான் வந்திருக்கிறாள் என்று எண்ணி வாயைத் திறந்தார். அவ்வளவுதான்... மடைப்பள்ளி வரதன், மழை மேகம் போல் கவி பொழியும் காளமேகமானார்! 'திருவானைக்கா உலா' அவர் பாடியதே.

வருடக்கணக்கில் தவம் இருந்தவர், வந்தவளை அடையாளம் காணவில்லை. ஆசாரம் கண்ணை மறைத்துவிட்டது. நூல் பந்தலில் அன்று யானை கண்டதும் ஒட்டடையை மட்டும்தானே?

நாம் எடுத்துச் செல்ல வேண்டியது...

திருவானைக்காவுக்குப் போகும்போது, இந்தக் கதைகளை மனத்தில் வைத்துக்கொண்டு தரிசியுங்கள். அங்கே நீர் சுமந்த யானைக்கும் இடம் உண்டு. நூல் நூற்ற சிலந்திக்கும் இடம் உண்டு. மந்திரம் சொல்பவருக்கும், மண் சுமந்தவருக்கும், ஆரத்தைத் தொலைத்தவருக்கும், தூங்கிப்போனவருக்கும்கூட இடம் இருந்திருக்கிறது. நம் வழிபாட்டு முறையை நாம் விட வேண்டியதில்லை. அடுத்தவரின் பூஜையில் நமக்கு ஒட்டடையாகத் தெரிவது, சுவாமிக்குப் பந்தலாக இருக்கலாம் என்ற நினைப்பு மட்டும் போதும்.

கருவறைக்குள் நுழையும் இடத்தில் வாயில் குறுகலாகத்தான் இருக்கும். யானையைத் தடுக்கக் கட்டியதுதான். ஆனால், குனிந்து போகிறவரை அது ஒருபோதும் தடுப்பதில்லை!

தரிசிக்கச் செல்பவர்களுக்கு...

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் செல்லும் வழியில், காவிரிப் பாலத்தைக் கடந்தால் திருவானைக்காவல். திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்தும், ரயில் நிலையத்திலிருந்தும் நகரப் பேருந்துகள் உண்டு. அம்பிகை சுவாமியைப் பூஜிக்கும் உச்சிக்கால வழிபாட்டைத் தரிசிக்க விரும்புவோர், நண்பகலுக்கு முன்பே கோயிலில் இருப்பது நல்லது.

ஐந்து பிராகாரங்கள் கொண்ட பெரிய ஆலயம் இது. ஒற்றைக் காலில் மும்மூர்த்திகளும் இணைந்த ஏகபாத மூர்த்தியின் தூண் சிற்பம், குபேர லிங்கம் ஆகியவற்றையும் தரிசிக்க மறக்காதீர்கள். கோயிலுக்கு 2018-ம் ஆண்டு டிசம்பரில் கும்பாபிஷேகம் நடைபெற்றது. 2020-ம் ஆண்டு பிப்ரவரியில், கோயில் வளாகத்தில் பணிகள் நடந்தபோது, மண்ணுக்குள் இருந்த பாத்திரத்திலிருந்து 505 பொற்காசுகள் கிடைத்தன. யாரோ, எந்தக் காலத்திலோ, பெயர் சொல்லாமல் விட்டுச்சென்ற செல்வம் அது.